பால்மறந்த பிள்ளை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் வரும் 131ஆம் சங்கீதத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். "மனசை ஆள்வது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டு இது" என்று அதில் போகிற போக்கில் ஒரு வரி வந்துவிட்டது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாராட்டி வந்தவற்றை ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். கேள்வி கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

போன இதழைப் பார்க்காதவர்களுக்காகப் பாட்டை முதலில் தந்துவிடுகிறேன். பழைய மொழிபெயர்ப்பு. மூன்றே வசனம்:

"கர்த்தாவே, என் இருதயம் இறுமாப்புள்ளதல்ல, என் கண்கள் மேட்டிமையுள்ளவைகளுமல்ல, பெரிய காரியங்களிலும், எனக்கு மிஞ்சின கருமங்களிலும் நான் தலையிடுகிறதுமில்லை.

தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன். என் ஆத்துமா பால்மறந்த குழந்தையைப்போல் எனக்குள் இருக்கிறது.

இதுமுதல் என்றென்றைக்கும் இஸ்ரவேல் கர்த்தரை நம்பியிருப்பதாக."

கேள்வி: மனதை ஆளும் பாட்டு என்கிறீர்கள். எனக்கு இது ஒதுங்கிப்போகிற ஒருவரின் பாட்டாகத்தான் படுகிறது. தாய்மடியில் தூங்கும் குழந்தை எதை ஆள்கிறது?
– ஒரு வாசகர்

நீங்கள் குழந்தையைப் பார்க்கிறீர்கள். வினைச்சொல்லைப் பாருங்கள். "அமரப்பண்ணினேன்" என்கிறார். தானாக அமர்ந்தது என்று சொல்லவில்லை. இரண்டாம் வசனத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அமரப்பண்ணுகிற 'நான்' ஒருவர், அமர்கிற 'என் ஆத்துமா' இன்னொருவர். குழந்தை ஆத்துமா என்றால் அந்த 'நான்' யார்? தாய்தான். பாட்டில் வேலை செய்கிறவள் அவள்.

என்ன வேலை என்பதற்கு மூலமான எபிரெயத்தில் இரண்டு வினைகள் உண்டு. முதலாவது 'ஷிவ்விதி'. சமப்படுத்தினேன், நிரவினேன் என்று பொருள். ஏசாயா 28:25இல் உழவன் உழுத நிலத்தை விதைப்புக்கு முன்னால் நிரவுகிறானே, அங்கே வருவதும் இதே வினைதான். மேடு பள்ளத்தை ஒன்றாக்குவது. "இருதயம் இறுமாப்புள்ளதல்ல, கண்கள் மேட்டிமையுள்ளவைகளுமல்ல" என்று முதல் வசனத்தில் மேட்டைச் சொல்லிவிட்டு, அடுத்த வசனத்தில் நிரவினேன் என்கிறார். இரண்டாவது வினைக்கு ஓசையடங்கச் செய்தேன் என்று பொருள். தீர்க்கதரிசி எலியா மலையில் நின்றபோது காற்றும் நிலநடுக்கமும் நெருப்பும் போனபின் "அமர்ந்த மெல்லிய சத்தம்" வந்ததல்லவா? அந்த 'அமர்ந்த'வும் இந்த 'அமரப்பண்ணினேன்'உம் எபிரெயத்தில் ஒரே வேர். தமிழாக்கியவர்களும் இரண்டு இடத்திலும் 'அமர்' என்றே போட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அப்புறம், அது தூங்குகிற பச்சைக்குழந்தை அல்ல. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. "பால்மறந்த" என்று சொல் தெளிவாக இருக்கிறது. அந்தக் காலத்தில் குழந்தைக்கு மூன்று வயதுவரைகூடப் பால் கொடுத்தார்கள். மக்கபேயர் இரண்டாம் நூலில் ஒரு தாய் தன் மகனிடம் மூன்று ஆண்டு பாலூட்டினேன் என்கிறாள். ஈசாக்கு பால்மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்தே வைத்தார். சாமுவேல் பால்மறந்தபின்தான் அன்னாள் அவனை ஆலயத்தில் கொண்டுபோய் விட்டாள். ஆக, நடக்கிற, பேசுகிற, அடம்பிடிக்கிற பிள்ளை அது. வாயைத் திறந்து "வேணும்" என்று கேட்கத் தெரிந்த பிள்ளை.

என் மகனுக்குப் பால் மறக்க வைத்தபோது அவனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். ஒன்பது இரவு ஆயிற்று. முதல் இரவு கழுத்தைப் பிடித்து இழுத்தான். இரண்டாம் இரவு முஷ்டியால் குத்தினான். மூன்றாம் இரவுதான் மோசம், கெஞ்ச ஆரம்பித்தான். "ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை" என்று அழுகைக்கு நடுவே தெளிவாகச் சொன்னான். நானும் அழுதேன். நான் வேறு அறையில் படுத்தால் அவன் மறந்துவிடுவான் என்று வீட்டில் சொன்னார்கள். ஒரு இரவு அப்படியும் செய்து பார்த்தேன். அன்று அழுத அழுகை வேறு மாதிரி. பாலுக்காக அழவில்லை, எனக்காக அழுதான். திரும்பி வந்து பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். கொடுக்கவும் இல்லை, போகவும் இல்லை. ஒன்பதாம் இரவு அதே நெஞ்சில் தலையை வைத்தான். எதையும் தேடவில்லை. கொஞ்ச நேரம் என் வளையலைத் திருகிக்கொண்டு இருந்துவிட்டு அப்படியே தூங்கிப்போனான்.

அதற்குப் பல வருஷம் கழித்துத்தான் இந்தப் பாட்டைக் கவனித்துப் படித்தேன். எபிரெயத்தில் "தாயின்மேல் இருக்கிற பால்மறந்த பிள்ளை" என்றே இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு அந்த ஒன்பதாம் இரவுதான் ஞாபகம் வந்தது. பால்குடிக்கிற பிள்ளைக்குத் தாய் என்றால் பால். பால்மறந்த பிள்ளைக்குத் தாய் என்றால் தாய். நான் 'ஆள்வது' என்று எழுதியது இதைத்தான். மனசைக் கட்டிப்போடுவதை அல்ல. அது கேட்பதைக் கொடுக்காமல், அதை விட்டுப் போகவும் செய்யாமல், பக்கத்திலேயே இருப்பது.

இன்னொன்று. பால்மறந்த என்பதற்கான எபிரெயச் சொல் 'காமூல்'. அதன் வேர்ச்சொல்லுக்குப் பழுப்பது என்றும் பொருள் உண்டு. ஆரோனின் கோலில் வாதுமை பழுத்ததாக எண்ணாகமம் 17இல் வருகிறதே, அங்கேயும் அதே வினைதான். பிள்ளையிடமிருந்து ஒன்றைப் பிடுங்கியதாக அந்த மொழி நினைக்கவில்லை. பிள்ளை பழுத்துவிட்டது என்று நினைக்கிறது.

கேள்வி: அக்கா, எனக்குக் கோபம் அதிகம். 39ஆம் சங்கீதத்தில் "என் வாயைக் கடிவாளத்தால் அடக்கிவைப்பேன்" என்று இருக்கிறது. அதை எழுதி ஒட்டிவைத்து மூன்று மாதம் முயன்றேன். வெளியே வாயை மூடினேன், உள்ளே வெந்துபோனேன். எங்கே தப்பு செய்தேன்?
– ஒரு வாசகி

எங்கேயும் தப்பு செய்யவில்லை, தங்கச்சி. அடுத்த இரண்டு வசனத்தையும் சேர்த்து எழுதி ஒட்டியிருந்தால் தெரிந்திருக்கும். அந்தப் பாட்டைப் பாடியவருக்கும் அதேதான் நடந்தது. நல்லதைக்கூடப் பேசாமல் இருந்தேன், "ஆனாலும் என் துக்கம் அதிகரித்தது" என்கிறார். "என் இருதயம் எனக்குள்ளே அனல்கொண்டது, நான் தியானிக்கையில் அக்கினி மூண்டது" என்கிறார். கடிவாளம் வேலை செய்யவில்லை என்பதற்கு ஒருவர் எழுதிவைத்த சாட்சி அது. நாம்தான் முதல் வசனத்தோடு நிறுத்திக்கொண்டு அதைக் கட்டளையாக்கிவிட்டோம். அப்புறம் அவர் என்ன செய்தார்? வாயைத் திறந்தார். எரிச்சலூட்டியவனிடம் அல்ல, கடவுளிடம். என் வாழ்நாள் எவ்வளவு என்று எனக்குக் காட்டும் என்று ஆரம்பித்து, கடைசி வசனத்தில் என்னைவிட்டு உம் பார்வையைத் திருப்பும் என்றே கேட்டுவிடுகிறார். அவ்வளவு கசப்பு.

4ஆம் சங்கீதம் 4ஆம் வசனத்தையும் பாருங்கள்: "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள், உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்." கோபப்படாதே என்று சொல்லவில்லை. பேச்சு முதலில், அமர்தல் பிறகு. வரிசையைக் கவனியுங்கள்.

நானும் இதில் அடிபட்டவள்தான். முப்பத்தொரு வருஷம் ஆசிரியை வேலை. ஒரு கட்டத்தில் தலைமைப் பொறுப்பு எனக்கு வரும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். வரவில்லை. என்னைவிட எட்டு வருஷம் அனுபவம் குறைந்தவருக்குப் போயிற்று. காரணம் கேட்டேன். ஒரு காரணம் சொன்னார்கள். இரண்டு வருஷம் அந்தப் பேச்சைத் தினமும் ராத்திரி மனசுக்குள் ஓட்டினேன். நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை ஒவ்வொரு நாளும் இன்னும் கூர்மையாகச் சீவினேன். அப்போதுதான் 131ஐப் பிடித்துக்கொண்டேன், தப்பாகப் பிடித்துக்கொண்டேன். "அடக்கினேன், அடக்கினேன்" என்று அந்த ஒரு சொல்லைக் கொண்டு எல்லாவற்றையும் மூடிவைத்தேன். வீட்டில் எல்லோரும் நான் தெளிந்துவிட்டேன் என்று நினைத்தார்கள். என் தங்கை மட்டும் ஒரு நாள் சொன்னாள்: "அக்கா, நீ அமைதியா இல்ல. உம்முனு இருக்க. ரெண்டும் வேற."

அந்த வாரம் நான் அவளோடு பேசவில்லை. ஆனால் அவள் சொன்னது சரி. நான் பிள்ளையைப் பால் மறக்க வைக்கவில்லை, வாயைப் பொத்தியிருந்தேன். மூன்றாம் இரவுக் கெஞ்சலைக் கேட்காமல் அடுத்த அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டவள் மாதிரி. எனக்கு என்ன வேண்டியிருந்தது என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கேட்டேன். பதவி இல்லை. அந்த அறையும் நாற்காலியும் எனக்கு அவ்வளவு பிடித்தவை அல்ல. "நீங்கள்தான் சரியான ஆள்" என்று யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் பால். அது கிடைக்கப்போவதில்லை என்பதும் அன்றே தெரிந்தது. அன்றைக்கு அழுதேன். அழுகை உதவியது.

உங்கள் கோபம் எதைக் கேட்டு அழுகிறது என்று ஒரு இரவு கேட்டுப் பாருங்கள். கேட்டதும் கொடுத்துவிடாதீர்கள். கேட்பது வேறு, கொடுப்பது வேறு.

கேள்வி: சங்கீதங்களில் பாதி இடத்தில் 'சத்துரு' வருகிறான். அந்தச் சத்துருக்கள் எல்லாம் நமக்குள் இருக்கும் காமம், கோபம், பொறாமைதான் என்று ஒரு பேச்சாளர் சொன்னார். அப்படிக் கொள்ளலாமா?
– ஒரு வாசகர்

கொள்ளலாம், ஒரு நிபந்தனையோடு.

இது அவர் கண்டுபிடித்தது அல்ல, பழைய வழக்கம். 137ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் படித்திருப்பீர்கள். பாபிலோனின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்று முடியும். படிக்கவே கை நடுங்கும். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் என்ற வேத அறிஞர் அதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: அந்தக் குழந்தைகள் நமக்குள் முளைக்கிற கெட்ட நினைவுகள், பெரிதாவதற்குள் அழித்துவிட வேண்டும் என்று. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கிலும் அதே கருத்து வருகிறது. அவர் கல்லைக் கிறிஸ்து என்று கொள்கிறார். நினைவு குட்டியாக இருக்கும்போதே அந்தக் கல்லில் மோதிவிடு என்கிறார். பயிற்சியாக அது அருமையான அறிவுரை. எரிச்சல் ஒன்று தலைகாட்டிய முதல் நிமிஷத்தில் அதைச் சமாளிப்பது சுலபம். இரண்டு வருஷம் தீனி போட்டு வளர்த்தபிறகு முடியாது. நான் வளர்த்தவள், அதனால் சொல்கிறேன்.

ஆனால் அந்தப் பாட்டைப் பாடியவர்கள் நகரம் எரிந்து, கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். அவர்களுடைய சத்துரு உள்ளே இல்லை, வெளியே ஈட்டியோடு நின்றான். 55ஆம் சங்கீதத்தில் ஒருவர், நிந்தித்தவன் சத்துருவாக இருந்தால் சகித்திருப்பேன், என் தோழனாகிய நீயே அவன் என்று உடைந்துபோகிறார். அதுவும் நிஜ ஆள்தான்.

அதனால் என் நிபந்தனை இது: உள்ளே இருக்கும் சத்துரு என்ற வாசிப்பை உங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டு வந்து நிற்கிற ஒருத்தியிடம் "உன் எதிரி உனக்குள்தான் இருக்கிறான்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவளுக்கு அந்தப் பாட்டு எழுதியபடியே வேண்டும். ஆன்மிகம் பேசுகிற பலர் இந்த இடத்தில் கொடூரமாகிவிடுகிறார்கள், அது தங்களுக்கே தெரியாமல்.

கேள்வி: "எனக்கு மிஞ்சின கருமங்களில் தலையிடுகிறதுமில்லை" என்றால் பெரிய கனவு காணக்கூடாதா? நான் ஆராய்ச்சிப் படிப்பில் சேர இருக்கிறேன்.
– ஒரு மாணவி

சேரம்மா, முதலில் சேர்.

'தலையிடுகிறதுமில்லை' என்பது எபிரெயத்தில் நடப்பதைக் குறிக்கும் வினை. 'நடமாடுவதில்லை', 'உலாத்துவதில்லை' என்று வைத்துக்கொள்ளலாம். ராத்திரி தூக்கம் வராமல் அறைக்குள் இங்குமங்கும் நடப்போமே, அந்த நடை என்று எனக்குத் தோன்றும். அவர் ஏன் அப்படிப் பார்த்தார், அடுத்த வருஷம் என்ன ஆகும், நான் போனபிறகு என்னைப் பற்றி என்ன பேசினார்கள். நம் கைக்கு எட்டாத இடங்கள் இவைதான். படிப்பு அதில் வராது.

"எனக்கு மிஞ்சின" என்ற அதே தொடர் யோபு 42:3இல் யோபின் வாயிலும் வருகிறது. தமிழில் "என் புத்திக்கு எட்டாததை அலப்பினேன்" என்று அழகாகப் போட்டிருக்கிறார்கள். அலப்பினேன்! எவ்வளவு நல்ல சொல். எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபு என்ன செய்தார் என்று யோசித்துப் பார். புத்தகம் முழுக்கக் கேள்வி கேட்டார். கடவுளையே வழக்குக்கு இழுத்தார். கடவுள் அவரைக் கடிந்துகொண்டார்தான். ஆனால் கடைசியில் யோபுதான் சரியாகப் பேசினான் என்று சொல்லி, பதில்களை வைத்திருந்த நண்பர்களைக் கண்டித்தார். அதனால் கேள்வி கேட்பதற்கு இந்த வசனம் தடை இல்லை. ஓயாமல் அலப்புவதற்கு மட்டும் தடை.

கேள்வி: பிறன் மனைவியான பத்சேபாள் விஷயத்தில் தன்னையே அடக்கத் தெரியாத தாவீது ராஜா, ஆத்துமாவை அடக்கினேன் என்று பாடுவது வேடிக்கையாக இல்லையா?
– ஒரு வாசகர்

வேடிக்கைதான். விழுந்தவர்தானே எழுந்திருப்பதைப் பாட வேண்டும் என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது, அது எனக்கே அலுத்துவிட்டது. இந்தப் பாட்டின் தலைப்பில் உள்ள 'தாவீதின்' என்பது எபிரெயத்தில் தாவீதுக்கு உரிய, தாவீதைச் சேர்ந்த என்றும் பொருள்படும். இந்த ஒரு பாட்டை ஒரு தாயே இயற்றியிருக்கலாம் என்று எண்ணும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் வசனம் தாயின் வாயிலிருந்து வருவதுபோலவே இருப்பதால். எனக்கும் ஆசை அந்தப் பக்கம்தான். ஒன்பது இரவு விழித்திருந்தவளுக்கு ஒருதலைப்பட்சம் இருக்காதா?

கேள்வி: வள்ளுவர் "ஒருமையுள் ஆமைபோல் ஐந்தடக்கல்" என்று ஒன்றே முக்கால் அடியில் சொல்லிவிட்டாரே. சங்கீதத்தில் புதிதாக என்ன?
– ஒரு தமிழாசிரியர்

ஐயா, போட்டி வைக்க எனக்கு மனசில்லை. இரண்டு உவமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆமை ஆபத்து வரும்போது ஐந்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஓடு கெட்டி. கண்ணும் காதும் நாக்கும் கேட்காதபோது அதுதான் சரியான வழி, நானும் கைப்பேசி விஷயத்தில் ஆமைதான். பால்மறந்த பிள்ளைக்கு ஓடு இல்லை. திறந்த இடத்தில், இத்தனை நாள் எதற்காக அழுததோ அதற்கு அருகிலேயே, இழுத்துக்கொள்ளாமல் இருக்கிறது. ஆமைக்குப் புலன் அடங்குகிறது. பிள்ளைக்குப் பசியே மாறிவிடுகிறது. நாளுக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது.

கேள்வி: இந்தப் பாட்டை எப்படிப் படிக்க வேண்டும்? மௌனமாகவா, வாய்விட்டா? எத்தனை முறை?
– இரண்டு வாசகர்கள் கிட்டத்தட்ட ஒரே கேள்வி

வாய்விட்டு. 1ஆம் சங்கீதத்தில் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்" என்று வருகிறதே, அங்கே தியானத்துக்கு எபிரெயச் சொல் 'ஹாகா'. இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் புறா முனகுவதற்கும் ஏசாயாவில் அதே சொல்தான். கண்ணை மூடிச் சும்மா உட்கார்வது அல்ல அது. முணுமுணுப்பது, அசைபோடுவது. சிங்கம் எலும்பை விடாமல் வைத்துக்கொண்டு உறுமுமே, அப்படி ஒரு வரியை விடாமல் வைத்திருப்பது.

நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் எவாக்ரியுஸ் என்று ஒரு துறவி இருந்தார். மனசு சோர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல் போகும்போது என்ன செய்வது என்று அவர் ஒரு வழி சொன்னார்: ஆத்துமாவை இரண்டாகப் பிரித்துக்கொள், ஒரு பாதி மறுபாதிக்கு ஆறுதல் சொல்லட்டும். சொல்ல வேண்டியது 42ஆம் சங்கீதத்தின் வரி: "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்?" முதல் கேள்விக்குப் பதிலில் இரண்டு பேர் என்று சொன்னேனே, அது என் சொந்தச் சரக்கு அல்ல. அவர் ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னாலேயே அதைப் பயிற்சியாகவே செய்து வைத்திருக்கிறார். அவருடைய வழியில் வந்த காசியன் என்ற துறவி, எந்த நிலைமைக்கும் 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் ஒன்றே போதும் என்றார். நூற்றைம்பது பாட்டையும் மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் ஒற்றை வரிக்கு வந்து சேர்ந்தார்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எதைச் செய்யும்போது என் மனசு பாலுக்கு அழும் என்று எனக்குத் தெரியுமோ, அதற்குச் சற்று முன்னால் இரண்டாம் வசனத்தை மட்டும் நின்றபடி சொல்வேன். எனக்கு அது கடிதங்களைப் பிரிக்கும் நேரம். உங்களுக்கு வேறொன்றாக இருக்கும். எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை. எண்ண ஆரம்பித்தால் எனக்கு எண்ணிக்கையே பாலாகிவிடும்.

46ஆம் சங்கீதத்தில் "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்ற வரியைச் சொல்லலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். சொல்லலாம். ஆனால் அந்த 'அமர்' வேறு. எபிரெயத்தில் அது 'கையைத் தளர்த்து, விட்டுவிடு' என்ற சொல். ஈட்டியும் வில்லும் முறிகிற பேச்சுக்கு அடுத்து வருகிறது. மனசு எதையாவது இறுக்கிப் பிடித்திருக்கும் நாளுக்கு அது, அழுகிற நாளுக்கு 131.

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. மூன்றாம் வசனத்தை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் மனப்பயிற்சியாகக் கொள்ளலாமா?
– ஒரு வாசகர்

தாராளமாக. யார் தடுக்கப்போகிறார்கள்? பலன் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் எதை விடுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு விடுங்கள். பிள்ளை பால்மறந்தது, ஏனென்றால் தாய் போகவில்லை. நான் வேறு அறைக்குப் போன அந்த ஒரு இரவில் அவனுக்கு இருந்தது பசியும் பயமும் மட்டும்தான். இந்தப் பாட்டைப் பாடியவருக்கு மடி என்பது கடவுள். உங்களுக்கு மடி வேறொன்றாக இருக்கலாம், அதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்றுமே இல்லாமல் வெறும் அடக்கம் மட்டும் என்றால், என் தங்கை சொன்ன 'உம்'முக்குத்தான் போய்ச் சேருவீர்கள் என்று பயம்.

மூன்றாம் வசனத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அதுவரை "நான், என்" என்றே பேசியவர் சட்டென்று ஊரைப் பார்த்துத் திரும்புகிறார். இது 'ஆரோகண சங்கீதம்'. 120 முதல் 134 வரை அப்படிப் பதினைந்து பாட்டு. பண்டிகைக்கு எருசலேமுக்கு ஏறிப்போகிறவர்கள் கூட்டமாகப் பாடியவை என்று சொல்வார்கள். ஆலயத்தில் பதினைந்து படிகளில் நின்று, ஆலயப் பணி செய்த லேவியர் பாடியதாக யூத மரபும் பேசுகிறது. ஏறும்போது பாடுகிற பாட்டில் ஒருவர், நான் உயரத்தைப் பார்க்கவில்லை என்று பாடுகிறார். பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறவர்களுக்கும் அது கேட்டிருக்கும். முந்தின பாட்டு "ஆழங்களிலிருந்து" என்று தொடங்கும். அதிலும் "இஸ்ரவேல் கர்த்தரை நம்பியிருப்பதாக" என்ற இதே வரி வருகிறது. ஆழத்தில் கிடந்தவருக்கும் மடியில் அமர்ந்தவருக்கும் ஒரே வரி. மூன்றாம் வசனத்தை விட்டால் இந்தக் கூட்டமும் போய்விடும். எனக்கு அது வருத்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: எத்தனை நாளில் பலன் தெரியும்?
– ஒரு வாசகி

என் மகனுக்கு ஒன்பது இரவு. எனக்கு இருபது வருஷத்துக்குமேல் ஆகிவிட்டது, இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பாராட்டுக் கடிதங்களை ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன் என்று மேலே எழுதினேன். உண்மைதான். ஆனால் கட்டு வந்த அன்று முதலில் பிரித்தது அவற்றைத்தான். இரண்டாம் வசனத்தை நின்றபடி சொல்லிவிட்டே பிரித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தபிறகுதான் ஓரமாக வைத்தேன். அதில் ஒருவர் பக்கம் பக்கமாகப் புகழ்ந்துவிட்டுக் கடைசியில் என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார். இன்றைக்குக் காலையிலும் அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், ஒருவேளை நான்தான் சரியாகப் படிக்கவில்லையோ என்று.